வாய் திறக்காமல் கொம்பியூட்டரோடு கதைக்க ஏலுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "எங்கட வீட்டில ஹோல் ஒண்டு, அறை ரெண்டு. ஏஐயிட்ட வாயால ஏதும் கேட்டா அம்மம்மா வரைக்கும் கேக்கும். சத்தம் போடாமல், மனசுக்குள்ள நினைச்சாலே விளங்கிக்கொள்ளுற மெசின் வந்திட்டுது எண்டு வீடியோவில பாத்தன். உண்மையோ? தமிழுக்குச் சரிவருமோ? கடைசி வருசப் புரொஜெக்ற்றா இதைச் செய்யலாமோ?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைத்ததைப் படிக்கிற மெசின் எந்தக் கடையிலும் இல்லை. நினைத்ததைச் சொல்ல வாய் ஆயத்தப்படும்போது முகத்திலும் தொண்டையிலும் என்ன அசைகிறது என்று பார்த்து, அதிலிருந்து சொல்லை ஊகிக்கிற கருவிகள் ஆய்வுகூடங்களில் இருக்கின்றன. ஒன்றிரண்டு கம்பனியாகவும் வெளியே வந்திருக்கின்றன. தமிழுக்கென்று கடையில் வாங்கக்கூடியதாக ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் இந்த நுட்பத்துக்கு வாய்ப்பான மொழி. புரொஜெக்ற்? ஓம், செய்யலாம். ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், செபம் மூன்று வகை. பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கச் சொல்வது வாசகம். நாவும் உதடும் அசைய, தன் காதுக்கு மட்டும் கேட்கச் சொல்வது உபாஞ்சு. நாவும் அசையாமல் மனதால் மட்டும் சொல்வது மானசம். நீங்கள் கேட்ட விசயம் முழுவதையும் இந்த மூன்றையும் வைத்தே விளக்கிவிடலாம். இப்போது போனில் வாயால் கேட்கிறோமே, அது வாசகம். 'சத்தமில்லாப் பேச்சு' என்று ஆய்வாளர்கள் சொல்வது உபாஞ்சு, அதிலும் காற்றை நிறுத்திவிட்ட உபாஞ்சு. வீடியோக்களில் காட்டுவதோ மானசம். உபாஞ்சைச் செய்துவிட்டு மானசம் என்று விளம்பரம் போடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், சிந்தனை என்பதே தொண்டைக்குள் நடக்கும் நுண்ணிய பேச்சுத்தான் என்று வாதாடினார். 1930களில் எட்மண்ட் ஜேக்கப்சன், ஒரு செயலை மனதில் கற்பனை செய்யும்போது அதற்குரிய தசையில் சின்ன மின்மாற்றம் எழுவதை அளந்து காட்டினார். அப்படியென்றால் தசையை அளந்தால் சிந்தனையே கிடைக்கும் அல்லவா? 1947 இல் ஸ்கொட் ஸ்மித் என்ற மருத்துவர் தன்னையே சோதனைக்குக் கொடுத்தார். குராரே என்ற மருந்தை ஏற்றித் தன் தசைகளை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்தார்கள், மூச்சுக்கூட மற்றவர்கள்தான் விட வைத்தார்கள். மருந்து இறங்கியபின் அவர் சொன்னது: முழு நேரமும் தெளிவாகச் சிந்தித்துக்கொண்டு இருந்தேன், நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. தசை அசையாமலே சிந்தனை ஓடும். ஆகவே தசையைப் படிக்கிற கருவி எவ்வளவு திறமாக இருந்தாலும், நீங்கள் 'சொல்லாத' சிந்தனை அதற்கு எட்டாது. அம்மம்மாவிடம் இருந்து ஒளிக்க விரும்புகிற உங்களுக்கு இது நல்ல செய்திதான்.

சரி, தசையில் இருந்து என்ன கிடைக்கிறது? மூளை ஒரு தசைக்குக் கட்டளை அனுப்பினால் தசைநார்களில் மின்மாற்றம் நடக்கும். தோலின் மேல் மின்வாய் ஒட்டினால் அதைப் பிடிக்கலாம். நெஞ்சில் ஒட்டி ஈசிஜி எடுக்கிறார்களே, அதே தத்துவம்தான், ஒட்டும் இடம்தான் முகம். கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ற்றில் இருந்து சில மில்லிவோல்ற் வரை. அதிர்வெண் ஏறக்குறைய 20 இல் இருந்து 500 ஹேர்ட்ஸ் வரை.

பழைய இலக்கணத்தில் எழுத்துப் பிறப்புக்கு எட்டு இடம் சொல்லுவார்கள்: நெஞ்சு, மிடறு, தலை, மூக்கு, நா, பல், இதழ், அண்ணம். சத்தத்தை நிறுத்தினால் நெஞ்சுக் காற்றும் மிடற்று அதிர்வும் போய்விடும். மூக்குக்குள் காற்று போகிறதா இல்லையா என்பதும் தெரியாது. மிஞ்சுவது நாவும் இதழும், கூட அசைகிற தாடையும். அதிலும் நா உள்ளே ஒளிந்திருக்கிறது. நாடிக்கு, அதாவது முகவாய்க்குக் கீழே ஒட்டுகிற மின்வாய்தான் நாவின் அடித்தசைகளை ஓரளவு எட்டிப்பார்க்கும். எட்டில் இரண்டரையை வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இதன் கஷ்டம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

2004 இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சக் ஜோர்கென்சன் குழு நாடிக்குக் கீழேயும் குரல்வளையின் இரு பக்கமும் பொத்தான் அளவு மின்வாய்களை ஒட்டிச் செய்துகாட்டினார்கள். சொற்கள் ஆறு: நில், போ, இடம், வலம் என்ற கட்டளைகளுக்கான ஆங்கிலச் சொற்களும், அல்பா, ஒமேகா என்ற இரண்டும். அதோடு பத்து இலக்கங்கள். ஆறு சொற்களில் 92 வீதம் சரியாக வந்தது. பிறகு 2018 இல் எம்ஐரி மீடியா லாப்பில் ஆர்ணவ் கபூர், பற்றி மேஸ் ஆகியோர் 'ஆல்ற்றர் ஈகோ' என்ற கருவியைக் காட்டினார்கள். காதில் இருந்து தாடை வழியாக நாடிக்கு வரும் ஒரு வெள்ளை வளையம். பதில் எலும்பு அதிர்வு ஹெட்போன் வழியாக வரும், காது திறந்தபடியே இருக்கும். பத்துப் பேர், ஒவ்வொருவரும் கால் மணித்தியாலம் கருவியைத் தங்களுக்குப் பழக்கினார்கள், பிறகு ஒன்றரை மணித்தியாலம் கணக்குச் செய்தார்கள். அதிலும் சராசரி 92 வீதம்தான். இரண்டு இலக்கமும் ஒன்றாக வந்தது தற்செயல், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டிலும் சொற்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒரு செய்தியில் '92 வீதம்' என்று பார்த்தால் உடனே கேட்க வேண்டியது, எத்தனை சொல்லில், எத்தனை பேரில், ஒரே நாளிலா? ஆல்ற்றர் ஈகோ 2025 இல் கம்பனியாக வெளிவந்தபோது ரெலிபதிக்குக் கிட்ட என்றுகூட அறிவித்தார்கள். கருவி உபாஞ்சுதான்.

எனக்கும் ஒருமுறை ஆசை வந்தது. தசை மின்னளக்கும் சின்னச் சுற்று ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்க ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையும், ஈசிஜிக்கு ஒட்டுகிற ஜெல் மின்வாய்களும் வைத்துக்கொண்டு, ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று பத்து வரை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கத் திரையில் வந்தது ஒரே சீரான அலை. என் நாடி இவ்வளவு ஒழுங்காக அசைகிறதா என்று வியந்து பார்த்தால், அது நாடி அல்ல, மின்சார சபை. வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், தசைச் சிக்னலின் நடுவே வந்து குந்திவிடும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, தலைக்கு மேல் சுழன்ற ஃபானை நிற்பாட்டியதும் அலை அடங்கியது. ஃபான் இல்லாத சித்திரை மாத மத்தியானத்தில் நாடியில் வியர்க்கும். வியர்த்தால் ஜெல் வழுக்கும், மின்வாய் ஒரு நூல் நகரும், நேற்றுப் படித்த 'நாலு' இன்று 'ஆறு' ஆகிவிடும். தாடியை மழிக்காமல் ஒட்டினால் இன்னும் மோசம்.

ஆனாலும் ஒரு விசயம் மனதைப் பிடித்தது. 'மூண்டு' என்று தொடங்கும்போது உதடு மூடும் அந்தக் கணம் திரையில் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. 'பத்து'க்கும் அப்படித்தான். 'ஒன்பது'க்கு நடுவில் வந்தது. உதடு மூடாத 'நாலு', 'ஆறு', 'ஏழு' மூன்றும்தான் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. சத்தமில்லாமல் சொன்னாலும் சொல்லுக்கு ஓர் உடம்பு இருக்கிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

விரல் விட்டு எண்ணுகிற சொற்களில் இருந்து சாதாரணப் பேச்சுக்குப் போவதில்தான் உண்மையான சிக்கல். இதில் 2020 இல் பேர்க்லியில் டேவிட் காடியும் டான் கிளைனும் செய்த வேலை முக்கியமானது. அவர்கள் பார்த்த தடை இது: சத்தமாகப் பேசினால் எந்தக் கணத்தில் எந்த ஒலி என்று ஒலிப்பதிவைப் பார்த்து மெசினுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சத்தமில்லாப் பேச்சில் அந்த வழிகாட்டி இல்லை. ஆகவே ஒரே ஆளை ஒரே வசனத்தைச் சத்தமாகவும் சத்தமில்லாமலும் சொல்ல வைத்து, சத்தமான பதிவின் ஒலியைச் சத்தமில்லாத பதிவுக்குப் பொருத்திக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 20 மணித்தியாலப் பதிவு, ஒரே ஆள். சொற்களை மட்டுப்படுத்திய சோதனையில் 100 சொல்லுக்கு 64 பிழை என்றிருந்தது 4 ஆக இறங்கியது. எந்தச் சொல்லும் வரலாம் என்ற சோதனையில் 88 இல் இருந்து 68. அதாவது மூன்று சொல்லில் இரண்டு பிழை. பிறகு வந்தவர்கள் அதே பதிவுகளை வைத்து, பெரிய மொழி மாதிரிகளின் (அடுத்த சொல்லை ஊகிக்கப் பழக்கிய ஏஐகளின்) துணையோடு 2024 அளவில் 12 பிழைக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டார்கள். தசை அதேதான். வாக்கியம் எப்படி முடியும் என்று ஊகிக்கிற மூளைதான் கூடியது.

மின்வாய் ஒட்டாமலும் வழி உண்டு. ஜப்பானில் நாரா நகரத்தில் 2003 அளவில் நாகாஜிமா குழு காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு மைக்கை வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத முணுமுணுப்பை எலும்பு, தசை வழியாகப் பிடித்தார்கள். உண்மையான உபாஞ்சு அதுதான் என்பேன். ஒக்ஸ்போர்ட்டின் லிப்நெற் என்ற மென்பொருள் 2016 இல் கமராவால் உதட்டை மட்டும் பார்த்து 95.2 வீதம் எடுத்தது. ஆனால் எல்லா வசனமும் ஒரே அச்சில் வார்த்த ஆறு சொல் வசனம். கோர்னெல் பல்கலைக்கழகம் 2023 இல் காட்டிய கண்ணாடி எனக்குப் பிடித்தது: சட்டத்தில் குட்டி ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியை முகத்தில் பட்டுத் திரும்பவிட்டு, வௌவால் மாதிரி உதட்டு அசைவை அளக்கிறது. 31 கட்டளைகள் விளங்கும். கமரா இல்லாததால் எதிரே இருப்பவரைப் படம் பிடிக்கிற பிரச்சினையும் இல்லை.

இனித் தமிழ். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் ருசியான பகுதி இதுதான்.

ஆங்கிலத்தில் p, b இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடினாலும், குரல்நாண் அதிர்ந்தால் ஒரு சொல், அதிராவிட்டால் வேறு சொல். ககரம், டகரம் எல்லாவற்றுக்கும் இப்படி இரட்டைப் பிள்ளைகள். சத்தத்தை எடுத்துவிட்டால் குரல்நாண் அதிர்வு போய்விடும், இரட்டைப் பிள்ளைகளைப் பிரிக்கவே ஏலாது. தமிழ்ச் சொற்களில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எங்கள் 'ப' சொல்லுக்கு முதலில் அதிராமல் வரும், 'அம்பு' என்றால் அதிர்ந்து வரும், ஆனால் அந்த அதிர்வு பொருளை மாற்றாது. அதனால்தான் ஒரே எழுத்தால் காலம் காலமாகச் சமாளித்து வருகிறோம். வெளியார் குறை என்று சொல்வது இங்கே வரமாகிவிடுகிறது. எங்களுக்குப் பொருளை மாற்றுவது நீளம்: படம், பாடம், பட்டம். மாத்திரைக் கணக்கு. சத்தம் போனாலும் நீளம் போகாது, உதடும் நாவும் எத்தனை நேரம் நின்றன என்பது தசையில் பதியும். சத்தமில்லாமல் சொல்லும்போது ஆட்கள் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள் என்பது உண்மை. ஆனால் குறிலும் நெடிலும் சேர்ந்தே இழுபடும்.

அதற்காகத் துள்ளிக் குதிக்க வேண்டாம். மெல்லினம் எங்களைக் கவிழ்க்கும். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒன்றுதான், காற்று மூக்கால் போகிறதா என்பதே வித்தியாசம். அந்தக் கதவு அண்ணத்தின் பின்னால் இருக்கிறது, நாடியில் ஒட்டிய மின்வாய்க்குத் தெரியாது. படமும் மடமும் ஒன்று. பலத்துக்கு என்ன கதி வரும் என்று நான் எழுதத் தேவையில்லை. வலி, வளி, வழி மூன்றும் நாவின் நுனி எங்கே வளைகிறது என்பதில் பிரிகின்றன, அதுவும் உள்ளே. எங்கட ஊர்ப் பேச்சில் பலர் ழவையும் ளவையும் ஒன்றாகவே சொல்வதால், அந்த இரண்டையும் பிரிக்கவில்லை என்று மெசினைக் குறை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல். நாங்கள் ரிக்கற், பிளேற், பற்றறி என்று றகரத்தால் எழுதிச் சொல்கிறோம், சென்னைக்காரர் டிக்கெட், பிளேட், பேட்டரி என்று டகரத்தால் சொல்கிறார்கள். நா படுகிற இடம் வேறு. 'செய்யேலாது', 'கதைச்சுக்கொண்டிருக்கினம்', 'பேந்து வாறன்' எல்லாம் இந்தியத் தமிழ்ப் பதிவுகளில் பழகிய மொழி மாதிரிக்கு அந்நியம். முன்னே சொன்னேனே, தசையால் தெரியாததை மொழி மாதிரி ஊகிக்கிறது என்று. அந்த ஊகம் எங்கள் பேச்சை அறியாவிட்டால், நீங்கள் 'பிறகு' என்ற பொருளில் 'பேந்து' என்று உதடு அசைக்க அது 'பேருந்து' என்று எழுதிவிட்டுப் பெருமையாக நிற்கும். கருவியை விட எங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது எங்கட பேச்சின் பதிவு. சத்தமான பதிவே போதுமான அளவு இல்லை, சத்தமில்லாத பதிவைக் கேட்கவே வேண்டாம்.

மானசத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். அது பெரும்பாலும் மூளையில் மின்வாய் பதித்தவர்களிடம்தான் நடக்கிறது. பக்கவாதத்தாலோ நரம்புத் தசை நோயாலோ பேச்சை இழந்தவர்கள். 2023 இல் ஸ்ரான்போர்ட்டில் நிமிடத்துக்கு 62 சொல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் 78 சொல். அவர்களும் பேச 'முயன்றார்கள்', சும்மா நினைக்கவில்லை. 2025 இல் ஸ்ரான்போர்ட் குழு, முயலாமல் மனதுக்குள் மட்டும் சொன்னதையும் ஓரளவு எடுக்கலாம் என்று காட்டியது. மிகச் சிறந்த நிலையில் 74 வீதம். எனக்குப் பிடித்தது அதோடு அவர்கள் செய்த பூட்டு: குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை மனதில் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். மனதுக்கு ஒரு கடவுச்சொல். ஆய்வாளர்களுக்கே பயம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தலையைத் திறக்காமல் இதைச் செய்யலாம் என்று 2017 இல் பேஸ்புக் அறிவித்தது, நிமிடத்துக்கு 100 சொல் என்றார்கள். 2021 இல் கைவிட்டுவிட்டு மணிக்கட்டுப் பட்டிக்கு மாறினார்கள். அந்தப் பட்டி 2025 இல் விற்பனைக்கு வந்தது. விரலால் மேசையில் எழுதுவது போல அசைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொல் என்று ஆய்வில் வந்தது. என்னைக் கேட்டால், சத்தமில்லாமல் கொம்பியூட்டரோடு கதைப்பதில் வாயை விட மணிக்கட்டு முந்தும். நாடியில் வளையத்தோடு கஸ்தூரியார் வீதியில் நடக்க யார் சம்மதிப்பார்கள்?

இனி ரகசியம். நீங்கள் கேட்டது அதைத்தான்.

எங்கட ஊரில் முன்பு கொமினிக்கேசன் கடைகள் இருந்தன. மரப்பலகைக் கூண்டு, ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே போன். வெளிநாட்டு லைன் தெளிவில்லாததால் எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள். கனடாவில் இருக்கிற மகனுக்குத் தாய் சொல்லும் சீதனக் கணக்கு, வெளியே வாங்கில் முறைக்குக் காத்திருக்கிற ஆறு பேருக்கும் பாடம். கதவு மூடியிருந்தது, ரகசியம் இருக்கவில்லை. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுதானும் பேசாதே என்பார்கள். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய ஊர் இது. சத்தமில்லாப் பேச்சு இந்தப் பக்கத்துக் காதை நிச்சயமாக அடைக்கும். அதோடு இன்னொரு நன்மை: மைக் உங்கள் குரலோடு அம்மம்மாவின் கதையையும் ரீவிச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகும், நாடியில் ஒட்டியது உங்களை மட்டும் எடுக்கும்.

ஆனால் வேலிக்கு அப்பால் நிற்கிற ஆள் மாறிவிட்டார். நீங்கள் உதடு அசைத்தது எங்கேயோ ஒரு சேர்வருக்குப் போய்த்தான் சொல்லாகிறது என்றால், அம்மம்மாவிடம் ஒளித்ததைக் கம்பனியிடம் கொடுக்கிறீர்கள். அதிலும் தசைச் சிக்னல் சொல்லை மட்டும் கொண்டுபோவதில்லை. களைப்பு, நடுக்கம், சில நரம்பு நோய்களின் சாயல், இது யாருடைய முகம் என்ற அடையாளம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இன்னொன்று: கடினமான பந்தியைச் சத்தமில்லாமல் வாசிக்கும்போது உதட்டிலும் நாவிலும் சின்ன அசைவு கூடுவது பல காலத்துக்கு முன்பே அளக்கப்பட்ட விசயம். எப்போதும் விழித்திருக்கிற கருவி நீங்கள் சொன்னதோடு வாசித்ததன் துணுக்குகளையும் பிடிக்கலாம். ஆகவே விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கேட்கும் என்ற ஏற்பாடு இல்லாத கருவியை நான் வாங்கமாட்டேன். கருவிக்குள்ளேயே சொல்லாக்கி முடிக்கிறதா, இணையத்தை அணைத்தாலும் வேலை செய்கிறதா என்றும் பார்ப்பேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளை அடையாளப்படுத்தும் உயிரளவைத் தரவையும் உடல்நலத் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. மூளைத் தகவலையோ நரம்புத் தரவையோ பெயர் சொல்லியே பாதுகாத்த இடங்களும் உண்டு: சிலி 2021 இல் அரசியலமைப்பைத் திருத்தியது, அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024 இல் சட்டம் கொண்டுவந்தன. கமராவால் உதட்டைப் படிப்பது இந்த 'நரம்புத் தரவு'க்குள் வருவதில்லை என்பது பெரிய ஓட்டை. ஏனென்றால் மின்வாயை உங்கள் சம்மதம் இல்லாமல் ஒட்ட முடியாது, கமராவுக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. சிசிரிவியில் தூரத்தில் தெரிகிற உதட்டையும் ஒரு நாள் இதே நுட்பம் வாசிக்கும்.

இது ரகசியக்காரர்களின் விளையாட்டுப் பொருள் மட்டுமல்ல. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய், வெற்றிலையும் புகையிலையும் எங்களுக்குத் தெரிந்த காரணங்கள். தொண்டைப் பக்கம் வந்து குரல்வளையை எடுக்க வேண்டி வந்தவர்களுக்கு நாவும் உதடும் இருக்கும், குரல் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட எட்டுப் பேரை வைத்து 2017 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 2,500 சொல்லில், நூற்றுக்குப் பத்துச் சொல் அளவில்தான் பிழை வந்தது. எங்கட சனத்தில் இதற்காகக் காத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், நாங்கள் அல்ல. ஒரு இருபது சொல்: தண்ணி, நோகுது, காணும், லைற்றை நிப்பாட்டு. அவ்வளவு விளங்கினாலே ஒரு வீட்டில் பகல் முழுவதும் மாறிவிடும்.

அதனால் உங்கள் புரொஜெக்ற்றுக்கு என் யோசனையும் அதுதான்: இருபது தமிழ்ச் சொல், யாழ்ப்பாணப் பேச்சில். இப்போது அந்த நிபந்தனை. மாணவர்கள் வழக்கமாகச் செய்வது, ஒரே இருப்பில் ஆயிரம் தரம் பதிந்து, அதில் எண்ணூறைப் பழக்கி, இருநூறைச் சோதித்து, 97 வீதம் என்று எழுதுவது. அந்த இலக்கம் பொய். மின்வாயைக் கழற்றி, முகத்தைக் கழுவி, அடுத்த நாள் திரும்ப ஒட்டிப் பதிந்ததில் சோதியுங்கள். பாதியாக விழும். விழுந்த அந்தப் பாதியை நேர்மையாக எழுதி, ஏன் விழுந்தது, எந்தச் சொல் எதோடு குழம்பியது என்று அட்டவணை போடுங்கள். பகரமும் மகரமும் எவ்வளவு மோதுகின்றன, நெடில் குறில் பிரிகிறதா என்று அளந்து காட்டினால், 97 வீதத்தை விட அதுதான் வாசிக்கத் தகுந்த வேலை. சொற்களைத் தெரிவுசெய்யும்போதே உதடு மூடுகிற சொல், குவிகிற சொல், விரிகிற சொல் என்று கலந்து எடுங்கள். ஸ்பிரிற்றால் தோலைத் துடையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள்.

இன்றிரவுக்கு வழி வேண்டுமென்றால், தமிழில் தட்டச்சுச் செய்யுங்கள். அதற்குப் பஞ்சி என்றால், வாய்க்குக் கிட்ட மைக் உள்ள ஹெட்போனில் குசுகுசுங்கள். இணையம் இல்லாமல் மடிக்கணினியிலேயே ஓடுகிற இலவசப் பேச்சறி மாதிரிகள் இருக்கின்றன, தமிழும் ஓரளவு விளங்கும்.

பதிவுக்கு ஆள் தேடுவீர்கள். கம்பசில் நண்பர்களைப் பிடித்தால் பத்தாவது தரத்தில் சிரித்துவிடுவார்கள், இருபதாவது தரத்தில் வேகம் மாறிவிடும். உங்கள் அம்மம்மா காலையில் உருத்திராக்கத்தோடு இருக்கிறவ என்றால் அவவையே கேளுங்கள். ஒரே சொல்லை, ஒரே அளவாக, சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் நூற்றெட்டுத் தரம் சொல்லப் பழகின ஆள் வேறு எங்கே கிடைக்கும்?